ஒரு வருசமா எஸ்கியூஎல், இந்த "நல்" மட்டும் இன்னும் ஆத்திரம்

அக்கரைப்பற்று மச்சாள் நேத்து கோல் எடுத்து, "நீ படிக்கிற எஸ்கியூஎல்ல நானும் தொடங்கட்டாகா" எண்டு கேட்டா. போனில ஒழுங்கா சொல்ல ஏலாமப் போச்சு, அதான் எழுதுறன். எஸ்கியூஎல் எண்டா அட்டவணையா வச்சிரிக்கிற தரவுக்கிட்ட கேள்வி கேக்கிற கம்பியூட்டர் மொழி.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில கணக்கு எழுதுற ஆள். அந்த மொழியில ஓடுற எஸ்கியூலைட் எண்ட மென்பொருளத்தான் பாவிக்கிறன், காசில்ல, முழுத் தரவும் ஒரே ஃபைல், இன்டர்நெட் இல்லாட்டியும் ஓடும். மண்டூர், பழுகாமம், வெல்லாவெளி எண்டு ஊர்வாரியா எத்தனை மூட்டை வந்தது எண்டு கேட்டா முன்னம் கொப்பியும் கல்குலேட்டருமா அரை நாள் போகும், இப்ப குரூப் பை எண்டு ஊர்வாரியாப் பிரிச்சு, சம் எண்டு கூட்டினா கண் வெட்டுறதுக்குள்ள வந்திரும். முதல் தரம் அது சரியா வந்த அண்டைக்கு கொப்பியோட ஒப்பிட்டுப் பாத்து கண் கலங்கிட்டுது, உண்மையா. 1974ல ஐபிஎம்ல சேம்பர்லினும் பாய்ஸும் இத எழுதக்குள்ள கணக்காளர் மாதிரி கம்பியூட்டர் படிக்காத ஆக்களுக்கும் எண்டுதான் எழுதினவங்க. எனக்குத்தான் செஞ்சிரிக்காங்க எண்டு நினைச்சன்.

ஆனா இந்த "நல்", அதான் ஒண்டும் எழுதாம விட்ட வெறும் பெட்டி, இரிக்கே. போன பெரும்போகத்துக்கு நெல் தராத வழமையான ஆக்கள் ஆரார் எண்டு பாக்க, வரவு அட்டவணையில இல்லாத ஆள் நம்பரத் தா எண்டு நொட் இன் போட்டன். ஒரு வரியும் வரல்ல. பிழை எண்டும் காட்டல்ல, சும்மா வெறுமையா நிண்டுது. தராத ஆக்கள் இரிக்காங்க எண்டு எனக்குத் தெரியும், பேரே சொல்லுவன். ரெண்டு ராவு நித்திரையில்ல. கடைசியில பாத்தா வரவு அட்டவணையில மூண்டு இடத்தில ஆள் நம்பர் போடாம விட்டிரிக்கி, வெளியாள் கொண்டுவந்த நெல். வெறும் பெட்டி எண்டா அதுக்கு "ஆள் இல்ல" எண்டு அர்த்தமில்ல, "ஆரெண்டு தெரியா" எண்டுதான் அர்த்தம். அந்தத் தெரியாத ஆள் இவராயும் இரிக்கலாம்தானே எண்டு பாத்து ஆம் எண்டும் சொல்லாம இல்ல எண்டும் சொல்லாம ஒவ்வொருத்தரா எல்லாரையும் தள்ளி விட்டுது. ஒவ்வொருத்தருக்கும் பொருந்திற வரி இரிக்கா இல்லையா எண்டு மட்டும் பாக்கிற நொட் எக்ஸிஸ்ட்ஸ் எண்டு மாத்தினன், பதினேழு பேர் வந்தாங்க. நியாயம் விளங்குது, சமன் குறி போட்டு "நல்"லத் தேட ஏலா, இஸ் நல் எண்டுதான் கேக்கணும் எண்டதும் அதே நியாயந்தான். ஆனா வாய் திறந்து ஒரு எச்சரிக்கை தந்திரிக்கலாமே.



மச்சாள், இந்தக் கிழமை என்னைக் கேட்டா தொடங்காத எண்டுதான் சொல்லுவன், மனசு இன்னும் ஆறல்ல. இல்ல தொடங்கித்தான் தீருவன் எண்டா, அட்டவணை செய்யக்குள்ளயே ஆள் நம்பர் நிரலுக்கு நொட் நல், அதாவது வெறுமையா விடக்கூடாது, எண்டு போட்டிரு, வெளியாளுக்கும் ஒரு நம்பர் குடு.