கடலூர்ல தேன்கூடு எடுக்க ஆள் தேடுறீங்களா? பண்ருட்டி தேன்பெட்டி அண்ணன் சர்வீஸ் பத்தி

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி இந்தப் பக்கம் யார் வீட்லயாவது தேனீ கூடு கட்டிடுச்சுன்னா மருந்து அடிக்கிறவங்களுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, தேன்பெட்டி வெச்சு வளக்குற ஆள் பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க. நாங்க கூப்ட்டது பண்ருட்டி பக்கத்து முந்திரித் தோப்புல பெட்டி வெச்சிருக்குற ஒரு அண்ணனை, கூட்டை உயிரோட எடுத்துட்டுப் போறதை அவர் சைடு வேலையா பண்றார். அவரைக் கேக்காம பேரும் நம்பரும் பொதுவுல போடுறது முறையில்ல, அதனால போடல. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை ஏன் குறையுதுன்னு கீழ சொல்றேன்.

எங்க வீடு திருப்பாப்புலியூர்ல. மாடிப்படிக்கு அடியில கெடக்குற பழைய மர பீரோ, பின்பலகை கழண்டது, அதுக்குள்ளதான் கூடு. அத்தை ராத்திரி பந்தம் கொளுத்திக் காட்டினா ஓடிடும்னாங்க, பக்கத்து வீட்டு மாமா மண்ணெண்ணெய் ஊத்திடலாம்னார், மரச்சாமான் கெடக்குற எடத்துல படிக்குக் கீழ நெருப்பு வேலையே கூடாதுன்னு நான் உறுதியா சொல்லிட்டேன்.

மருந்தும் வேணாம்னு நான் நின்னதுக்குக் காரணம் எங்க தெருவுலயே நடந்தது. ஒரு வீட்ல ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள கூடு இருந்துச்சு, மருந்து அடிக்கிறவங்க வந்து ஸ்ப்ரே பண்ணாங்க, தேனீ செத்துக் கொட்டுச்சு, காசை வாங்கிட்டுப் போய்ட்டாங்க, அடையை எடுக்கவே இல்ல. தேனீ உயிரோட இருக்குற வரைக்கும் றெக்கையால விசிறி விசிறி அடை சூடேறாம பாத்துக்கும், அதுங்க செத்துப்போச்சுன்னா நம்ம ஊரு வெயிலுக்கு மெழுகு இளகி தேன் ஒழுக ஆரம்பிச்சிடும், உள்ள இருக்குற புழுவெல்லாம் அழுகி நாத்தம், எறும்பு, மெழுகுப்பூச்சி எல்லாம் வரும், கடைசில சீலிங்கையே பிரிச்சாங்க. மருந்து பட்ட தேனை வாயில வைக்கவும் முடியாது. அத்தனை உயிரும் போய், காசும் போய், வேலையும் முடியல, அதைப் பாத்து எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இந்த அண்ணன் கிட்ட எனக்குப் பிடிச்சதே அவர் முதல்ல கேட்ட கேள்விதான். ரேட் பேசல, "வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்புங்கம்மா, கிட்ட போகாதீங்க, தூரத்துல இருந்தே எடுங்க, ஒரே அடையா வெளிய தொங்குதா இல்ல பொந்துக்குள்ள அடுக்கா இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்"னார். பொந்துக்குள்ள அடுக்கடுக்கா அடை வெச்சா அது நம்ம நாட்டு அடுக்குத்தேனீ, பெட்டில வளக்க முடியும், அதை எடுத்துட்டுப் போவார். செடி கொடில உள்ளங்கை அளவுக்கு ஒத்தை அடை இருந்தா கொம்புத்தேனீ, அது பெட்டில தங்காது, யாருக்கும் இடைஞ்சல் இல்லன்னா விட்ருங்கன்னு சொல்லிடுவார். தண்ணி டேங்க், பெரிய கட்டடம், உயரமான மரத்துல முறம் சைஸுக்குத் தொங்குதே அது மலைத்தேனீ, அதை அவர் தொடவே மாட்டார். ஒரு கூட்டுல பல ஆயிரம் தேனீ, ஒண்ணு கொட்டினா அந்த எடத்துல இருந்து ஒரு வாழைப்பழ வாசம் கிளம்பும், அந்த வாசத்துக்கு மத்ததெல்லாம் சேந்து வரும். அது சீசனுக்கு எடம் மாறுற ஜாதி, வழியில இல்லன்னா தானா போற வரைக்கும் விடுறதுதான் நல்லதுங்கறார். திடீர்னு ஒரு கொத்தா மரக்கிளைல வந்து தொங்கும் பாருங்க, அடை எதுவும் இருக்காது, அது புது வீடு தேடிப் போற கூட்டம், பெரும்பாலும் சில மணி நேரத்துல இல்ல ஒண்ணு ரெண்டு நாள்ல கெளம்பிடும், அதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்னும் சொன்னார். வர்ற காசை வேணாம்னு சொல்ற ஆள் இவர்.

வந்தது சாயங்காலம், வெளிய போன தேனீயெல்லாம் கூட்டுக்குத் திரும்புற நேரம். வெளிர் கலர் துணி போடச் சொன்னார், சென்ட் கூடாது, நானும் நாத்தனாரும் தலைல வெச்சிருந்த மல்லிப்பூவையும் எடுக்கச் சொன்னார். பசங்களை உள்ள விட்டு ஜன்னல் சாத்தியாச்சு. முகத்துக்கு வலை போட்டுக்கிட்டு தேங்காநார் போட்ட புகை டப்பாவால லேசா புகை காட்டினார், அதிகம் காட்டல. கத்தியால ஒவ்வொரு அடையா அறுத்து, முட்டை புழு இருக்குற அடையை மட்டும் மரச்சட்டத்துல வெச்சு வாழைநாரால கட்டி பெட்டிக்குள்ள வெச்சார், தேன் அடையைத் தனியா வெச்சார். அவசரமே இல்லாம, ஒரு தேனீ கூட நசுங்கிடக் கூடாதுன்னு கையால மெதுவா ஒதுக்கி ஒதுக்கி வேலை பாத்தார், நசுங்கினா அந்த வாசத்துக்கே மத்தது கோவப்படுமாம்.

ராணியைக் கண்டுபிடிச்சதுதான் பெரிய விஷயம், மத்ததை விட உடம்பு நீளம், நிறமும் கருப்பு, அதைக் குட்டி கம்பி வலைக் கூண்டுல விட்டு பெட்டிக்குள்ள வெச்சதும் நடந்ததை நான் நம்பவே இல்ல. பெட்டி வாசல்ல கொஞ்சம் தேனீ வரிசையா நின்னு வாலைத் தூக்கி விசிற ஆரம்பிச்சுது, "ராணி இங்க இருக்குன்னு வாசம் விடுதும்மா, இப்ப பாருங்க"ன்னார், பீரோவுல மிச்சம் இருந்ததெல்லாம் தானா நடந்து பெட்டிக்குள்ள போச்சு. யாரும் விரட்டல, அள்ளிப் போடல. அத்தை வாசப்படில நின்னு கடைசி வரைக்கும் பாத்தாங்க. நல்லா இருட்டினதும் வாசலை அடைச்சு பெட்டியை வண்டில கட்டி எடுத்துட்டுப் போய்ட்டார். பக்கத்துலயே கொண்டு வெச்சா வழி தெரிஞ்சு பழைய எடத்துக்கே திரும்பிடும், அதனால தோப்புக்கே கொண்டு போகணுமாம். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் அவ்ளோ சாஞ்சுதுல்ல, பொந்து உள்ள பழைய மரம் போனதாலதான் இதுங்க வீட்டுப் பக்கம் எடம் தேடுதுன்னு அவர் நினைக்கிறார்.

தேன் ஒரு சொம்பு குடுத்தார், மிச்சம் புது எடத்துல தேனீக்குத் தீனி வேணும்னு எடுத்துக்கிட்டார், எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. எங்க வீட்டு பெரியவங்க உடனே தம்பி குழந்தை நாக்குல தடவணும்னாங்க, ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் குடுக்கவே கூடாது, தடுத்துட்டேன், நீங்களும் பாத்துக்கோங்க.

குளவி விஷயத்துல அவர் வரமாட்டார், ஆனா காசு வாங்காம பாத்து சொன்னார். ஜன்னல் கம்பில மண்ணால கூடு கட்டியிருந்தது வேட்டுவாளி, அது தனியா வாழுறது, கைல பிடிச்சாத்தான் கொட்டும், விடுங்கன்னார் (குளவி கூடு கட்டினா வீட்ல விசேஷம்னு அத்தை எப்படியும் அதைத் தொட விட்டிருக்க மாட்டாங்க). பின்பக்க வீட்டு தென்னையில இருந்தது கதண்டு, கூட்டமா வாழுற பெரிய குளவி. அதுக்கு மட்டும் "யாரும் கல்லு விடாதீங்க, புகை போடாதீங்க, 101க்கு போன் பண்ணி தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடுங்க"ன்னு கறாரா சொல்லிட்டார். தேனீ கொட்டினா கொடுக்கு நம்ம தோல்லயே நின்னுடும், அது செத்துடும், கதண்டு அப்படியில்ல, ஒண்ணே திரும்பத் திரும்பக் கொட்டும், நிறைய கொட்டினா கிட்னி வரைக்கும் பாதிக்கும். தேனீ கொடுக்கை உடனே எப்படியாவது எடுத்துடணும், லேட் பண்ணப் பண்ண விஷம் உள்ள எறங்கும். மூச்சு வாங்குது, உதடு முகம் வீங்குது, தலை சுத்துதுன்னா வீட்டு வைத்தியம் எதுவும் பாக்காதீங்க, 108 கூப்பிட்டு நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பாண்டி பக்கம் இருந்தா ஜிப்மர்.

இப்ப அந்த அரை மார்க். போனை எடுக்கவே மாட்டார், தோப்புல டவர் இல்லயாம், வாட்ஸப்ல வாய்ஸ் போட்டாத்தான் பதில் வரும். சொன்ன நாள்ல வரல, முந்திரி பூக்குற தை மாசி சீசன்ல பெட்டி வேலை ஜாஸ்தின்னு தள்ளிப் போட்டார், வீட்ல சின்னப் பசங்க இருக்குறவங்களுக்கு அந்த நாளெல்லாம் பெரிய கஷ்டம். வெளிய சுத்தின கொஞ்சம் தேனீ அவர் போனப்புறமும் பீரோ கிட்டயே கொத்தா உக்காந்திருந்துச்சு, அப்புறம் காணாமப் போச்சு, இதை முன்னாடியே சொல்லியிருந்தா வீட்ல பயந்திருக்க மாட்டாங்க. எடத்தை அடைக்குற வேலை அவர் செய்யமாட்டார், மெழுகை சுரண்டி சோப்புத் தண்ணில கழுவி சந்து பொந்தை மூடுறது நம்ம பொறுப்பு, அதை விட்டா அந்த வாசத்துக்கே அடுத்த கூட்டம் வந்துடும். நாங்க பீரோவையே அப்புறப்படுத்திட்டோம்.

காசு 1500, பெட்ரோல் தனி. ஃபால்ஸ் சீலிங், செவுறு உடைக்குற வேலைன்னா மேஸ்திரி நாமளே ஏற்பாடு பண்ணணும், அவர் பக்கத்துல நிப்பார். பாண்டிக்கும் வர்றாராம், வில்லியனூர், அரியாங்குப்பம் வரைக்கும், ஆனா மழை நாள்ல வரமாட்டார், அப்ப கூட்டைக் கலைச்சா வெளிய தீனி கெடைக்காம கூட்டமே செத்துடும்னு சொல்றார்.