திருகோணமலையில் ஃப்ரோசன் யோகட் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் தராசைப் பாருங்கள்

திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் எல்லாரும் படம் எடுத்துப் போடுகிற ஒரு ஃப்ரோசன் யோகட் கடை இருக்கிறது. பிள்ளைகளோடும் சீனி வருத்தம் உள்ள பெரியவர்களோடும் அங்கே போக நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை நான் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் முன் பெயர் சொல்வது சரியில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் அம்மாவையும் அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம். ஐஸ்கிரீம் என்றால் தொடவே மாட்டார். கடைச் சுவரில் பெரிதாக 'சீனி குறைவு, உயிருள்ள நற்கிருமிகள் நிறைந்தது' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உள்ளே வரச் சம்மதித்தார்.

வாசல் பலகையில் 350 ரூபா என்று கண்ணில் அடிக்கிற மாதிரி இருக்கும். '100 கிராமுக்கு' என்பது அதன் கீழே பொடி எழுத்தில். நாங்களே மெஷினில் பிடித்து, கல்லாவில் நிறுத்துக் காசு கொடுக்கிற முறை. கப் ஒரே அளவுதான், பெரியது. மெஷினின் பிடியைக் கொஞ்சம் இழுத்தாலே கொட்டித் தள்ளுகிறது, சின்னப் பிள்ளையால் நிறுத்த முடியாது. மேலே போடுகிற பழம், ஜெலி, கஜு எல்லாமே அதே நிறைக் கணக்கில்தான். வத்தகப்பழத் துண்டு ஒன்றைப் போட்டாலும் கிலோ 3,500 ரூபா விலையில்தான் வாங்குகிறீர்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்.

இதுவரை சொன்னது வியாபாரம் என்று விடலாம். தராசில் நடந்ததை விட முடியாது.

முதல் கப்பை வைத்தபோது 246 கிராம் காட்டியது. தடித்த பிளாஸ்டிக் கப், மூடியும் சேர்த்து. கப்பின் நிறையைக் கழித்தாயிற்றா என்று கேட்டேன். கல்லாவில் நின்ற பெடியன், "கப்போட சேர்த்துத்தான் அக்கா நிறுக்கிறது, எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லியிருக்கினம்" என்றான். வெறும் கப் ஒன்றை மூடியோடு வைக்கச் சொன்னேன். 42 கிராம். அதாவது ஒரு கப்புக்கு 147 ரூபா. எங்கள் மூன்று கப்பிலும் சேர்த்து 441 ரூபா வெறும் பிளாஸ்டிக்குக்கு. அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணம் வேறு. நாங்களே எடுத்து, நாங்களே தூக்கிக்கொண்டு போய் இருந்து சாப்பிடுகிற கடையில் என்ன சேவை? 765 கிராமுக்கு மொத்த பில் 2,945 ரூபா.

அப்புறம் சாமான். நல்ல யோகட் என்றால் நாக்கில் மெல்லிய புளிப்பு நிற்க வேண்டும். பாலில் விடுகிற லக்டோபசிலஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகள் பாற்சீனியை அமிலமாக்குவதால் வருகிற புளிப்பு அது. உறைய வைத்தாலும் அந்தக் கிருமிகள் எல்லாம் செத்துவிடாது, அதனால் சுவரில் எழுதியிருந்தது நடக்காத விஷயமும் இல்லை. ஆனால் இங்கே புளிப்பே இல்லை, வனிலா வாசமும் தித்திப்பும்தான். ஓரங்களில் ஐஸ் துகள் நறநறவென்று கடிபட்டது. உருகினதை மறுபடி உறைய விட்டால் இப்படித்தான் வரும்.

எதில் செய்கிறீர்கள் என்று கேட்டதும் பெடியன் மறைக்காமல் பவுடர் பையைக் கொண்டுவந்து காட்டினான். தண்ணீரில் கரைத்து மெஷினில் ஊற்றுவதாம். சேர்மானப் பட்டியலில் அதிகமாக இருப்பதைத்தான் முதலில் போடுவார்கள். அந்தப் பையில் முதல் பெயரே சீனி. பிறகு மோர்ப் பவுடர், தாவரக் கொழுப்பு, வாசனை. யோகட் கிருமி பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா அதோடு கரண்டியை வைத்துவிட்டார். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்த இடம்தான். காசு போனால் போகட்டும், வருத்தக்காரரிடம் 'சீனி குறைவு' என்று பொய் சொல்லி விற்கலாமா?

முகாமையாளர் வந்து, பில் அடித்தால் மாற்ற ஏலாது, எல்லா இடத்திலும் இதுதான் முறை என்றார். அப்படி ஒரு முறை கிடையாது. வெறும் கப்பை வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிறுக்க வேண்டும். வியாபாரத் தராசு ஒவ்வொரு வருடமும் பரிசோதித்து முத்திரை குத்தப்பட்டிருக்கவும் வேண்டும். எங்கே என்று கேட்டேன், காட்டவில்லை. பெடியனோடு சண்டை பிடிக்க வேண்டாம், பாவம், சொன்னதைச் செய்கிறான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். பில்லையும், வெறும் கப் தராசில் இருந்தபோது எடுத்த படத்தையும் இணைத்துக் கொடுத்தேன். பவுடர் பையின் படத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்டியிருக்கிறேன்.

போவது பெறுமதியா என்று கேட்டால், இல்லை. மூதூர், தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர் சட்டியில் வருகிற ஊர் இது. அதில் உண்மையான புளிப்பு இருக்கிறது, சீனி போடுவதும் விடுவதும் உங்கள் கையில்.

ஏற்கெனவே போனவர்கள் பில்லை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். மூன்று மாதம் தாண்டவில்லை என்றால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒரே கடை பற்றிப் பல முறைப்பாடு போனால்தான் ஆள் வந்து அந்தத் தராசைப் பார்ப்பார்கள்.