முனிக்கு எந்தப் பூச்சி: கடை டப்பாவும் வீட்டுக் கரப்பானும்

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்பு ஓணானை வாங்கும்போது ஓணான் விலை கேட்கிறோம், கண்ணாடித் தொட்டி விலை கேட்கிறோம், வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா ஒளி தரும் யுவிபி விளக்கு விலையைக் கேட்டுத் தலையில் கை வைக்கிறோம். அது ஆயுசுக்கும் தின்னப்போகும் பூச்சிக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒழுங்காக வளர்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடிய பிராணி இது, கணக்குப் போட்டுப் பாருங்கள். தெற்கு லண்டனில் கிராய்டன் பக்கம் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. மகன் வைத்த பெயர் ஸ்பைக், நான் வைத்தது முனியாண்டி, இப்போது வீட்டில் எல்லோருக்கும் முனி. ஆசைப்பட்டு வாங்கியது மகன், பூச்சி வேலை முழுக்க என் தலையில். அதனால் இங்கிலாந்தில் உயிர்த்தீனி என்று விற்கும் அநேகமாக எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. எது காசுக்குத் தகும், எது தண்டம் என்று கேட்டு அடிக்கடி செய்தி வருகிறது, இனிமேல் இதை அனுப்பிவிடலாம்.

என் கட்சி இதுதான்: வழக்கமான தீனிக்கு வீட்டிலேயே டூபியா என்ற தீனிக் கரப்பான் வளர்ப்பது, நடுவில் கடை வெட்டுக்கிளி. மற்றவை கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது.

முதலில் கடை டப்பா. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கொஞ்சம் முட்டை அட்டை, ஒரு பிடி தவிடு, பூச்சி. மூன்று நான்கு பவுண்டு விலை. எல்லாக் கடையிலும் ஏறக்குறைய இதே டப்பாதான் இருக்கும், வித்தியாசம் அலமாரியில் எத்தனை நாள் கிடந்தது என்பதில்தான். வாங்கும் முன் டப்பாவைக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். செத்தது, கால் உடைந்தது எல்லாம் ஒரு மூலையில் சரிந்து சேரும். ஒன்றிரண்டு செத்திருந்தால் பரவாயில்லை, ஒரு கைப்பிடி சேர்ந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். மூடியின் உட்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் உள்ளே புழுங்கிப்போயிருக்கிறது என்று அர்த்தம். காற்றுத் துளைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் மூத்திர நெடி அடிக்கிறதா என்றும் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கடையில் (பெயர் வேண்டாம்) டப்பாவில் பாதி செத்துக் கிடந்ததைக் காட்டியபோது, "பூச்சிதானே மேடம், எப்படியும் சாகத்தான் போகுது" என்று ஒரு பையன் சொன்னான். தத்துவமாக இருந்தது, பணம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஊர்வன மட்டுமே விற்கும் சின்னக் கடைக்குத்தான் போகிறேன். என்றைக்குச் சரக்கு வரும் என்று அவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அன்றைக்கே போய் எடுத்துவிட வேண்டும்.

வெட்டுக்கிளி எனக்குப் பிடித்த கடைத் தீனி. இங்கே விற்பது பாலைவன வெட்டுக்கிளியும் இடம்பெயரும் வெட்டுக்கிளியும், ஆமாம், படையெடுத்து வந்து வயலை மொட்டையடிக்கும் அதே ஜாதி. கத்தாது, நாறாது, இரவில் தொட்டிக்குள் ஒன்று தங்கிவிட்டாலும் ஓணானைக் கடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, அது தாவும், ஏறும், கிளையில் உட்கார்ந்து மீசையை ஆட்டும். முனிக்கு அந்த அசைவு போதும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் குறி பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவந்து நாக்கால் ஒட்டி இழுத்துவிடும். தொட்டிக்குள் சோம்பிக் கிடக்கும் பிராணிக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி கிடையாது. குறை விலைதான். அதே காசுக்கு மற்ற பூச்சியைவிட வெட்டுக்கிளி எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். வீட்டில் இனப்பெருக்கம் செய்யலாம் என்று கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டையிட ஆழமான ஈர மணல் வேண்டும், மேலே சுடச்சுட விளக்கு வேண்டும், தினமும் புதுப்புல் வேண்டும். இங்கிலாந்துக் குளிரில் மின்சாரக் கட்டணம் உங்களைத் தின்றுவிடும்.

சுவர்க்கோழிக்கு, அதாவது கிரிக்கெட் பூச்சிக்கு, நான் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவேன். விலை மலிவு, சத்திலும் பெரிய குறை இல்லை. ஆனால் வளர்ந்த ஆண் பூச்சி ராத்திரி முழுக்கக் கத்தும். சைலண்ட் என்று பெயர் போட்டு ஒரு வகை விற்கிறார்கள், அதுவும் கத்தத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. ஒன்று தப்பி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனால் அந்த வாரம் தூக்கம் போச்சு. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் விழுந்து சாகும், வைக்காவிட்டால் தாகத்தில் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். தொட்டிக்குள் மிச்சம் விட்டால் இரவில் தூங்கும் ஓணானையே கடிக்கும், வால் நுனி, கால் விரல், கண்ணோரம் என்று மெல்லிய தோலாகப் பார்த்து. குட்டி ஓணான் வைத்திருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மிஞ்சியதை எண்ணி வெளியே எடுத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். இன்னொன்று, முன்பெல்லாம் எங்கும் கிடைத்த பழுப்பு வீட்டுச் சுவர்க்கோழியை டென்சோவைரஸ் என்ற நோய்க்கிருமி பண்ணை பண்ணையாக அழித்துவிட்டது. 2000க்குப் பிறகு ஐரோப்பாவில், 2009-10 வாக்கில் வட அமெரிக்காவில். நோய் ஓணானுக்குத் தொற்றாது, பூச்சிதான் கொத்துக் கொத்தாகச் சாகும். இப்போது கடைகளில் உடம்பில் பட்டை போட்ட வேறு இனம் அதிகம் தெரிவதற்குக் காரணம் அதுதான், அது அந்த வைரஸைத் தாங்கும். வேகமும் அதிகம், தாவலும் அதிகம், டப்பாவைக் குளியல் தொட்டிக்குள் வைத்துத் திறங்கள்.

புழு வகைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெழுகுப்புழு மிட்டாய். கொழுப்பு மட்டுமே இருபது சதவீதத்துக்கு மேல், ஒரு தடவை ருசி கண்ட ஓணான் கீரையைத் திரும்பிப் பார்க்காது. நோயில் இளைத்துப்போன பிராணிக்கு மருத்துவர் சொன்னால் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். மாவுப்புழுவும் அதன் பெரியண்ணனான மோரியோ புழுவும் வளர்ந்த ஓணானுக்கு எப்போதாவது கொடுக்கலாம், இரண்டிலும் கொழுப்பு கூடுதல். மாவுப்புழுவை ஃபிரிட்ஜில் வைத்தால் கூட்டுப்புழு ஆகாமல் பல வாரம் தாங்கும். மோரியோவை வைத்தால் செத்துப்போகும், கடையில் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். கால்சி வோர்ம் என்று விற்பது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. தீனிப் பூச்சிகளில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகமாக உள்ள அபூர்வ சாமான், வளரும் குட்டிக்கு அருமை, கால்சியம் தூள் தூவாமலே போடலாம். ஆனால் டப்பாவில் ரொம்ப நாள் கிடந்தால் கறுத்து விறைத்துப்போகும், அப்புறம் ஒரு நாள் மூடியைத் திறந்தால் ஈ பறக்கும். பட்டுப்புழுவும் கிடைக்கிறது, மென்மையாக, கொழுப்பு குறைவாக, ஓணானுக்கு ரொம்ப இஷ்டம். முசுக்கொட்டை இலை அல்லது அதில் செய்த பசை மாவைத் தவிர வேறு எதையும் தொடாது, விலையும் பட்டுப் புடவைக்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு.

இனி கரப்பான். டூபியா கரப்பானுக்கும் நம் ஊர் சமையலறைக் கரப்பானுக்கும் பெயர்தான் ஒன்று. தென் அமெரிக்காக்காரன், வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாது, ஆணுக்குச் சிறகு இருந்தும் படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுவதோடு சரி. குளிர்ந்த வீட்டில் பெருகாது, அதனால் ஒன்றிரண்டு தப்பினாலும் வீடு முழுக்கக் குடும்பம் நடத்தாது. என் வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ள வைத்தது இந்த ஒரு விஷயம்தான். ஊரிலிருந்து வந்த அம்மா மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "ஊர்ல விளக்குமாத்தால அடிச்சதை இங்க கேரட் சீவிப் போட்டு வளக்குறியாடி?" என்று கேட்டபடி கேரட்டைச் சீவியது அம்மாதான்.

வளர்ப்பு சுலபம். மூடியுள்ள வழவழப்பான பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ஓட்டை போட்டு உலோக வலை, உள்ளே முட்டை அட்டைகளை நெடுக்காக நிறுத்திவையுங்கள், அப்போதுதான் கழிவு கீழே விழும். பக்கவாட்டில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் தகடு, அதற்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டைப் பிளாஸ்டிக்கில் ஒட்டுவது தீயோடு விளையாடுவது. 30 டிகிரியை ஒட்டி வைத்தால் பெருகும், அறை வெப்பத்தில் விட்டால் சாகாது, சும்மா உட்கார்ந்திருக்கும். இது முட்டையிட்டுவிட்டுப் போகும் ஜாதி இல்லை, முட்டைக் கூட்டை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து குஞ்சாக ஈனும், ஒரு ஈற்றுக்கு இருபது முப்பது. குஞ்சு பெரிதாக நாலைந்து மாதம் ஆகும். ஆகவே இன்றைக்குக் கூட்டம் வாங்கிவிட்டு அடுத்த வாரமே எடுத்துப் போட ஆரம்பித்தால் விதை நெல்லைத் தின்ற கதைதான். ஆறு மாதமாவது கை வைக்காதீர்கள், அதுவரை கடை டப்பா ஓடட்டும். பிறகு எடுக்கும்போது ஆண்களை முதலில் எடுங்கள், நீளச் சிறகு இருப்பது ஆண், குட்டைச் சிறகு பெண். நாலு பெண்ணுக்கு ஒரு ஆண் தாராளம்.

அட்டையைத் தூக்கும்போது எப்போதாவது பால் வெள்ளையாக ஒன்று தெரியும். நோய் இல்லை, சட்டை உரித்துவிட்டு வந்த கரப்பான். கண் மட்டும் கறுப்பு, உடம்பு மெழுகு மாதிரி, உள்ளே ஓடுவதுகூட நிழலாகத் தெரியும், சில மணி நேரத்தில் பழுப்பாகி இறுகிவிடும். முனிக்கு அதுதான் பால்கோவா. நேரம் பார்த்துக் கொடுத்தால் மென்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. டூபியா பயந்தால் செத்தது மாதிரி அசையாமல் கிடக்கும், இல்லையென்றால் மணலுக்குள் புகுந்துவிடும், அசையாததை ஓணான் கண்டுகொள்ளாது. வழவழப்பான கிண்ணத்தில் போடுங்கள், அல்லது இடுக்கியில் பிடித்து நீட்டுங்கள். அடுத்தது ஒவ்வாமை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்தக் கூட்டமே வேண்டாம், கரப்பான் கழிவுத் தூசி மூச்சுக்கு ஆகாது. எனக்குப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் முடியாது. அப்புறம், ஆஸ்திரேலியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: உங்கள் ஊர் ஓணான்தான், ஆனால் டூபியா அங்கே அனுமதி இல்லை, வூட்டி என்று விற்கும் வேறு கரப்பானைப் பாருங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாக்காரர்களும் வாங்கும் முன் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பூச்சியை வாங்கினாலும் அது வெறும் உறை, உள்ளே நீங்கள் எதை நிரப்புகிறீர்களோ அதுதான் ஓணானுக்குப் போகும். கடை டப்பாவில் இருப்பது தவிட்டைத் தின்று காய்ந்து வந்தது, அதை அப்படியே போடாதீர்கள். ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள், கேரட், பரங்கிக்காய், நல்ல கீரை போட்டுத் தேற்றிவிட்டுக் கொடுங்கள். பசலைக்கீரை வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கரப்பான் வேகமாகப் பெருகும் என்று பூனைத் தீனி போடுகிறவர்கள் உண்டு, அத்தனை புரதம் கடைசியில் ஓணானின் சிறுநீரகத்துக்கு வேலை வைக்கும், எனக்கு உடன்பாடில்லை. கொடுக்கும் முன் பூச்சியை ஒரு பையில் போட்டுக் கால்சியம் தூளோடு குலுக்குங்கள். நான் வைத்திருப்பது சாதாரணக் கால்சியம் கார்பனேட்டும் வெட்டார்க் நிறுவனத்தின் நியூட்ரோபால் என்ற வைட்டமின்-தாதுத் தூளும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பது ஓணானின் வயதையும் யுவிபி விளக்கையும் பொறுத்தது, ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். யுவிபி விளக்கு பழசானால் தூள் எவ்வளவு தூவியும் புண்ணியமில்லை, எலும்பு வளைந்துவிடும்.

அளவு பற்றிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று: வளர்ந்த ஓணானுக்குப் பூச்சி குறைவாகத்தான் வேண்டும். குட்டிக்குத் தினமும் வேண்டும், உணவில் பெரும்பங்கு பூச்சியே. வளர்ந்தபின் கணக்கு தலைகீழ், கீரையும் காயும்தான் சாப்பாடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பூச்சி போதும். வாரம் ஒரு பெட்டி என்று சந்தா கட்டச் சொல்லும் இணையக் கடைகள் இதை வாய் திறந்து சொல்லாது, ஓணான் குண்டாகி ஈரல் கெட்டபின் நமக்கே தெரியும். பூச்சியின் நீளம் ஓணானின் இரு கண்ணுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. தோட்டத்தில் பிடித்த பூச்சியை மருந்து அடித்திருக்கும் என்ற பயத்தில் நான் போடுவதில்லை. மின்மினி மட்டும் எந்த ஊரிலும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், ஒன்றைத் தின்றே பியர்டட் டிராகன் செத்திருக்கிறது, அதன் விஷம் இதயத்தைத் தாக்கும்.

தபாலில் மொத்தமாக வரவழைப்பது டப்பாவைவிட மலிவு, இரண்டு ஓணான் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி. திங்கள், செவ்வாயில் அனுப்பும் கடையாகப் பாருங்கள், வெள்ளிக்கிழமை கிளம்பும் பார்சல் வாரக் கடைசி முழுக்க ஏதாவது கிடங்கில் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் வெப்பப் பொட்டலம் வைத்து அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பார்சல் வந்ததும் வாசலிலேயே திறந்து படம் எடுத்துவிடுங்கள், குளிரில் விறைத்துக் கிடப்பதைச் செத்ததாக நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம், அறையில் ஒரு மணி நேரம் வைத்தால் பாதி எழுந்து நடக்கும். எழாததற்கு அந்தப் படத்தை அனுப்பிப் பணம் கேளுங்கள்.