கறி தெர்மாமீட்டர்: புரோப் மறுபடியும் போன பிறகு எழுதுவது

பெங்களூரில் இருக்கும் தம்பி புதிதாக ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) வாங்கியிருக்கிறான். "அக்கா, நீ வெச்சிருக்கிற மாதிரி ஒயர் தெர்மாமீட்டரே வாங்கிரட்டுமா, இல்ல கைல குத்திப் பாக்கறதே போதுமா?" என்று போனில் கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின நாள்தான் என்னுடைய ஒயர் தெர்மாமீட்டரின் புரோப், அதாவது கறிக்குள் செருகும் ஒயர் வைத்த கம்பி, மறுபடியும் கெட்டுப்போய், புதுசு மாட்டியிருந்தேன். கோபத்தில் "வாங்காதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று மடக்கி வைத்துக்கொள்ளும் கைமீட்டர். கறியில் குத்தினால் நாலைந்து நொடியில் டிகிரி காட்டும், எடுத்துவிடலாம். இன்னொன்று ஒயர் வைத்தது. கம்பியைக் கறிக்குள் செருகி, ஒயரை ஓவன் கதவு இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரில் சொருகி வைத்துவிடலாம். நாம் சொன்ன டிகிரி வந்ததும் கத்தும். இரண்டுக்கும் மற்ற விவரங்கள் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு விஷயம். குழம்புக்காக மட்டும் கறி எடுப்பவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். சின்னத் துண்டாக வெட்டி, கொதிக்கிற மசாலாவில் போட்ட கறி கொஞ்ச நேரத்திலேயே 90 டிகிரியைத் தாண்டிவிடும். குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். அங்கே அளக்க ஒன்றுமில்லை, விரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முழுக் கோழி, எலும்பில்லாத நெஞ்சுக்கறி, முழு ஆட்டுத்தொடை, கொத்துக்கறியில் செய்யும் கபாப், தடிமனான மீன் துண்டு, இவற்றைச் செய்கிற வீட்டுக்குத்தான் தெர்மாமீட்டர்.

அப்படிச் செய்கிற வீட்டில் இது என்ன மாற்றம் கொண்டுவரும் என்பதற்கு பிராய்லர் நெஞ்சுக்கறி ஒன்றே போதும். எங்கள் வீட்டில் அதைச் சக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். லெக் பீஸுக்குத்தான் போட்டி. நெஞ்சுக்கறி சக்கையாவதற்குக் காரணம் கோழி இல்லை, நாம் அதை 85, 90 டிகிரி வரை கொண்டுபோவதுதான். சூடு ஏற ஏற சதையில் உள்ள புரதம் சுருங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. நடுவில் 70 டிகிரி வந்ததும் ஓவனிலிருந்து எடுத்து, ஃபாயிலால் தளர்வாக மூடி வைத்தால், வெளிப்புறத்தில் இருக்கும் சூடு உள்ளே இறங்கி இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். 74-ஐத் தொட்டு நிற்கும். அந்தக் கறியை வெட்டும்போது பலகையில் ஈரம் தெரியும். முதல் தடவை அப்படிச் செய்தபோது மாமியார் இது எந்தக் கடைக் கோழி என்று கேட்டார். எப்போதும் வாங்கும் அதே கடைதான்.

74 என்பது அமெரிக்க வேளாண் துறை கோழிக்குச் சொல்லும் எண். அவர்கள் கணக்கில் 165 ஃபாரன்ஹீட். பிரிட்டனில் 70 டிகிரியில் இரண்டு நிமிடம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. கிருமி சாவது சூடும் நேரமும் சேர்ந்த கணக்கு. 74-இல் நொடிக்கணக்கில் முடிவது, அதற்குக் கீழே போனால் நிமிடக்கணக்கு ஆகும். வெளிநாட்டுச் சமையல் ஆர்வலர்கள் சிலர் இன்னும் கீழே இறக்கி, அதிக நேரம் வைத்துச் செய்கிறார்கள். என் வீட்டில் வயதானவரும் சின்னப் பிள்ளையும் சாப்பிடுகிறார்கள், அதனால் கடைசியில் 74 பார்க்காமல் நான் பரிமாறுவதில்லை.

நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்லிவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தயிரும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்த கோழியில் என்ன நிறத்தைப் பார்ப்பது? அதோடு, பிராய்லர் என்பது ஆறேழு வாரத்துக் கோழி. எலும்பு இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். உள்ளே இருக்கும் மஜ்ஜையின் சிவப்பு, முக்கியமாக ஃப்ரீசரில் வைத்த கோழியில், வெளியே கசிந்து எலும்பை ஒட்டிய கறியைச் சிவப்பாகக் காட்டும். தொடைக்குள் 82 டிகிரி காட்டும்போதும் அந்தச் சிவப்பு இருக்கும். அதைப் பார்த்து "ரத்தம் நிக்குது, இன்னும் அரை மணி நேரம் வை" என்று சொல்லியே எத்தனையோ கோழிகள் எங்கள் வீட்டில் சக்கையாகியிருக்கின்றன. கொத்துக்கறியில் இதற்கு நேர்மாறு. 71 டிகிரி வர வேண்டியது, அதற்கு முன்னாலேயே உள்ளே பழுப்பாகி வெந்த மாதிரி தெரியும்.

நாட்டுக்கோழிக்கு வந்தால் இந்த 74-ஐ மறந்துவிட வேண்டும். 74-இல் நாட்டுக்கோழி பத்திரமாக இருக்கும், ஆனால் கடிக்க முடியாது. ஓடித் திரிந்த கோழியின் சதையில் உள்ள கொலாஜன் என்ற கெட்டியான புரதம் கரைந்து இளக, 80-ஐத் தாண்டி வெகுநேரம் நிற்க வேண்டும். பத்திரமான டிகிரி வேறு, பதமான டிகிரி வேறு. பெட்டியோடு வரும் அட்டையில் இந்த வித்தியாசத்தை யாரும் அச்சடிப்பதில்லை. ஆடு, மாடு, கோழி என்று படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். தம்பி, அந்த அட்டையை நம்பி ஆட்டுத்தொடையை 63 டிகிரியில் எடுத்துவிடாதே. அந்த எண் இளம் செம்மறியாட்டுக்கும் மென்மையான துண்டுகளுக்கும் சரி. நம் கறிக்கடையில் கிடைக்கும் வெள்ளாட்டுத் தொடைக்கு 90-க்கு மேல் போக வேண்டும்.

ஒயர் மீட்டரை நான் நேசித்ததே அந்த ஆட்டுத்தொடையால்தான். கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வெட்டாமல் முழுசாகத் தருவார்கள். மசாலா தடவி ஒரு நாள் வைத்து, ஓடிஜியை 150-இல் வைத்து உள்ளே தள்ளிவிட்டுப் போனால், மீட்டர் 40, 50, 60 என்று மளமளவென ஏறும். 70-ஐ ஒட்டி வரும்போது வேகம் குறைந்து, சில சமயம் நகரவே நகராது. ஓவன் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. கறியின் மேலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலக் கறியும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஃபாயிலால் இறுக்கிச் சுற்றினால் ஆவி வெளியே போகாது, டிகிரி மறுபடியும் ஏறத் தொடங்கும். 92, 93 வரும்போது முள்கரண்டி தானாக இறங்கும். மூன்று நான்கு மணி நேரம், கதவை ஒரு தடவைகூடத் திறக்காமல், அடுத்த அறையில் என் வேலையைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முடிகிறது. கைமீட்டரில் இது முடியாது. குத்திப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் சூடெல்லாம் வெளியே போய்விடும்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த ஒயர் புரோப்பைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது. கம்பியும் ஒயரும் சேரும் இடத்தில் ஒரு அழுத்து மூட்டு இருக்கிறது. அதன் வழியாக ஈரம் உள்ளே போய்விடும். கையேட்டிலேயே "கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும்" என்று எழுதியிருக்கிறது. நான் துடைக்கத்தான் செய்தேன். கம்பியை மட்டும் சோப்புத் துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுப் படாமல்தான் வைத்திருந்தேன். ஆனாலும் ஓவனுக்குள் மூன்று மணி நேரம் கறியின் ஆவியிலேயே கிடக்கும் பொருளுக்குள் ஈரம் போகாமல் என்ன செய்யும்? பச்சைக் கோழிக்குள் செருகுவதற்கென்றே செய்த பொருளைக் கழுவக்கூடாது என்பதை எந்தச் சமையலறையில் வைத்து யோசித்தார்கள்?

அது கெட்டுப்போவதுகூடப் பெரிதில்லை. பல்பு ஃபியூஸ் ஆவதைப் போல அணைந்து போனால் பரவாயில்லை, தெரிந்துவிடும். இது பொய் சொல்லிக்கொண்டே கெடுகிறது. ஒரு முழுக் கோழிக்கு வைத்திருந்தபோது வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் 74 என்று கத்தியது. சந்தேகம் வந்து கைமீட்டரைக் குத்தினேன். தொடை இடுக்கில் 53. இந்தப் புரோப்புக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மீட்டர் அந்தக் குறைவைத்தான் டிகிரியாகப் படிக்கிறது. மூட்டில் ஈரம் புகுந்தால் மின்சாரத்துக்கு இன்னொரு வழி கிடைத்து, மொத்தத் தடை குறைந்துவிடுகிறது. மீட்டர் அதைச் சூடு என்று நினைத்துக்கொள்கிறது. அதாவது இந்தக் கோளாறு வந்தால் வேகாத கறியை வெந்தது என்றுதான் சொல்லும். முற்றிலும் நனைந்தால் 'எச்எச்எச்' என்று காட்டி நிற்கும், அது நல்லது. அந்த நிலைக்கு வருவதற்கு முந்தைய நாட்கள்தான் ஆபத்து. கையில் இன்னொரு மீட்டர் இல்லாதவர் அன்றைக்கு என்ன பரிமாறியிருப்பார்?

அதனால் ஒயர் புரோப் வைத்திருக்கும் எல்லோரும் சமைக்கும் முன் ஐஸ் சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர், கலக்கிவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் கம்பியின் நுனியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். என்னுடைய கெட்ட புரோப் 41 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் சோதிப்பவர்கள் ஊரைக் கணக்கில் எடுக்க வேண்டும். கோவையில் 98, 99 காட்டினால் சரிதான். குன்னூரில் அம்மா வீட்டில் 94 காட்டியபோது கணவர் மீட்டரைச் சந்தேகப்பட்டார். 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டில்தான் கொதிக்கும். ஐஸுக்கு எந்த ஊரிலும் 0 தான்.

ஈரம் புகுந்த புரோப்பை ஓடிஜியில் 150-இல் ஒரு மணி நேரம் வைத்து உலர்த்தினால் சில சமயம் உயிர் வரும். எனக்கும் வந்தது. மழைக்காலம் தொடங்கியதும் பழைய கதைதான். கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, ஈரத்தால் வரும் பழுது வாரண்டியில் சேராது, புரோப் தனியாக இல்லை, முழு செட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மீட்டர் நன்றாக இருக்கிறது, காந்தம் நன்றாக இருக்கிறது, பெட்டிகூட அப்படியே இருக்கிறது, எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டுமாம். காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் ஒரு கடைக்காரர் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துப் பார்த்து, வேறொரு கம்பெனியின் புரோப்பை எடுத்துச் செருகினார். அறை வெப்பத்தில் 11 டிகிரி காட்டியது. "ஓட்டைக்குச் சேருதுங்க, மீட்டருக்குச் சேரலைங்க" என்றார். ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு தடையுள்ள தெர்மிஸ்டர் போடுவதால் வரும் வினை இது. என் மீட்டருக்குப் பொருந்துவதைத் தேடி வரவழைத்துக் கொடுத்தது அவர்தான். விலை, மொத்த செட்டில் பாதியைத் தொட்டது.

கைமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. குழாயடியில் காட்டிக் கழுவுகிறேன். பேட்டரி ஒரு எல்ஆர்44 பட்டன் செல், கடிகாரக் கடையில் கிடைக்கும். உணரும் பகுதி நுனியில் மட்டும்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நடுப்பகுதியைத் தாண்டும் வரை குத்திவிட்டு மெதுவாக வெளியே இழுத்தால் எண் குறைந்து, பிறகு ஏறும். அந்த மிகக் குறைந்த எண்தான் கறியின் நடு. எலும்பில் பட்டால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதே. நெஞ்சுக்கறி மாதிரி மெல்லியதைப் பக்கவாட்டில் குத்து. வஞ்சிரத் துண்டில் 60 வந்ததும் தவாவை இறக்கு, இறக்கிய பிறகு 63 வரும்.

நியாயமாகப் பார்த்தால் என் அடுப்படியில் நடந்த நல்ல சமையல் பாதிக்கு ஒயர் மீட்டர்தான் காரணம். அந்த ஆட்டுத்தொடையை அது இல்லாமல் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. புதுப் புரோப்பையும் காசு கொடுத்து மாட்டியிருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்தவும் போகிறேன். ஆனாலும் உனக்கு என் பதில் வாங்காதே என்பதுதான். 53 டிகிரிக் கோழியை 74 என்று சொன்ன பொருளை என் தம்பி வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல கைமீட்டராக ஒன்று வாங்கு, தண்ணீர் புகாதது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பிறகும் ஒயர் வைத்தது வேண்டும் என்று தோன்றினால், புரோப் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு மட்டும் காசைக் கொடு.