காத்திருக்கும் ஹாலில் அந்த ஃபேனை மட்டும் திருப்பி வையுங்கள்

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது சுவர் ஃபேனுக்காக. முகத்தில் காற்றுப் பட்டாலே வலியில் உயிர் போகிறவர்கள் வருகிற நரம்பு கிளினிக் இது. இங்கே பெஞ்சுக்கு நேர் எதிரே மூஞ்சியைப் பார்த்து ஃபேனை மாட்டியிருக்கிறார்கள். வலது கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வயது 57, பஸ் கண்டக்டர். போன ஐப்பசியில் ஒருநாள் முதல் டிரிப்பில் விசிலை வாயில் வைத்ததும் மேல் உதட்டிலிருந்து காதுப் பக்கம் சுளீரென்று ஓடியது. கரண்ட் அடித்த மாதிரி. பத்து எண்ணுவதற்குள் போயே போய்விட்டது. அப்புறம் பல் துலக்கினால் வந்தது, ஷேவ் பண்ணினால் வந்தது, படிக்கட்டுக் காற்றுக்கு வந்தது. இட்லியைக்கூட இடது பக்கம் ஒதுக்கித்தான் மென்றேன். விசிலை விட்டுவிட்டு பஸ்ஸைத் தட்டி 'ரைட்' கொடுத்தேன். டிரைவருக்குச் சிரிப்பு.

பல் என்றுதான் நினைத்தேன். ஒரு பல் டாக்டரிடம் (பெயர் வேண்டாம்) கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, அதற்கும் கேட்காமல் கடைசியில் பிடுங்கியாயிற்று. வலி அப்படியே இருந்தது. அடுத்த பல்லையும் எடுத்துப் பார்க்கலாம் என்றபோது செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே, "வலி வந்தா எத்தனை நொடி இருக்கு? நடுவுல சுத்தமா இல்லாம போகுதா?" என்பதுதான். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. பஞ்சால் நெற்றி, கன்னம், தாடை மூன்றையும் தொட்டுப் பார்த்தார். சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்: மூளைத் தண்டிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு, மூன்று கிளை. கன்னத்துக்கும் தாடைக்கும் போகிற கிளைகள்தான் பல்லுக்கும் போகின்றன. அதனால் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர் நான் மட்டும் இல்லையாம். நோயின் பெயர் டிரைஜெமினல் நியூரால்ஜியா. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம், அதிலும் பெண்களுக்கு.

எழுதிக் கொடுத்தது கார்பமசெபின், 100 மில்லிகிராம், காலையும் இரவும். "மெடிக்கல்ல ஃபிட்ஸ் மாத்திரைன்னு சொல்வாங்க, பயந்துடாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னார். கடைப் பையன் சொல்லி வைத்தாற்போல அதையே சொன்னான். முன்கூட்டித் தெரியாவிட்டால் என் வீட்டுக்காரி அங்கேயே அழுதிருப்பாள். சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்குப் பிரயோசனம் இல்லை. நரம்பின் துடிப்பை அடக்குகிற மருந்துதான் வேண்டும். 1960-களிலிருந்து இதுதான் முதல் மருந்து.

மூன்றாம் நாள் வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் முதல் வாரம் தலை சுற்றல், தூக்கம், சில்லறையில் இரண்டு தரம் தப்பு. தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும், மற்றபடி நானாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பு. சோடியம் குறையலாம் என்று ரத்தப் பரிசோதனையும் உண்டு.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு ரத்தக் குழாய் நரம்பின் மேல் உரசிக்கொண்டிருந்தது தெரிந்தது. காதுக்குப் பின்னால் மண்டை ஓட்டில் சின்னத் துவாரம் போட்டு, இரண்டுக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. ஊசி வழியாக நரம்பைச் சூடேற்றுவதும் இருக்கிறது. அதில் முகம் கொஞ்சம் மரத்துப்போகலாம். நான் ஆபரேஷனே பண்ணிவிடலாம் என்றேன். "மாத்திரை கேட்கிற வரைக்கும் எதுக்கு அவசரம்?" என்றார். நம் காசைப் பார்க்காத பேச்சு, எனக்குப் பிடித்தது.

பீஸ் 500 ரூபாய். டோக்கன் நாலு மணிக்குக் கொடுக்கிறார்கள். மூன்றரைக்குப் போனால் முதல் பத்துக்குள் வரலாம். பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள், பார்க்கிறார்.

இரண்டாம் தரம் போனபோது டோக்கன் கொடுக்கிற தம்பியிடம் ஃபேனைப் பற்றிச் சொன்னேன். "சார், அது திரும்பாது, ஸ்குரூ துரு பிடிச்சிருக்கு" என்றான். செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அங்கே காற்று வராது.