நம்பா: ஆலைத் தளக் கணினிக்கு ஜிட்டா, முன்கூட்டிய கம்பைலா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலைகளில் சில்லுப் படங்களைச் சோதிக்கப் பைத்தான் எழுதுகிறவர்களுக்கு நம்பா (Numba) நல்ல கருவி: பைத்தான் ஃபங்ஷனை மெஷின் கோடாக மாற்றித் தரும். ஃபங்ஷனுக்கு மேலே என்ஜிட் என்று ஒரு வரி போட்டால், பிக்சல் பிக்சலாக ஓடும் லூப் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித்தொகுப்பு வழியாக மெஷின் கோடாகிவிடும். வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. எப்போது கம்பைல் ஆகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

சும்மா விட்டால் முதல் அழைப்பில்தான் கம்பைல் நடக்கும்; ஓடும்போதே கம்பைல் செய்யும் இந்த முறைதான் ஜிட். சில விநாடிகள் பிடிக்கலாம். மில்லிவிநாடிகளில் பதில் கேட்கும் லைனில் அது டைம்அவுட். அதனால் தொடக்கத்திலேயே ஒரு போலிப் படம் கொடுத்துச் சூடேற்றி வைப்பது வழக்கம். அப்படியும் நடு ஷிஃப்டில் திடீரென்று தடங்கும். ஏனென்றால் நம்பா ஒவ்வொரு டைப்புக்கும் தனியாகக் கம்பைல் செய்கிறது. யூஇன்ட்8 (8-பிட் முழு எண்) என்று சொன்னதோடு டைப் முடிந்துவிடுவதில்லை. படத்தின் நடுவிலிருந்து செவ்வகமாக வெட்டிய பகுதி மெமரியில் தொடர்ச்சியாக இருக்காது, அது வேறு டைப். பைட்ஸிலிருந்து நம்பையின் (NumPy, பைத்தானின் அர்ரே நூலகம்) ஃப்ரம்பஃபர் தரும் அர்ரே ரீட்-ஒன்லி, அதுவும் வேறு டைப். எந்தெந்த உள்ளீட்டு டைப்புகளுக்கு (சிக்னேச்சர்) கம்பைல் ஆகியிருக்கிறது என்று காட்டும் ஃபங்ஷனின் சிக்னேச்சர்ஸ் பட்டியலைப் பிரிண்ட் செய்து பாருங்கள். எதிர்பாராத வரி இருந்தால் கோளாறு அதுதான்.

சிக்னேச்சரைக் கையால் எழுதிவிடுவதே சரி. யூஇன்ட்8[:, ::1] என்று கொடுத்தால் இம்போர்ட் ஆகும்போதே கம்பைல் முடிந்துவிடும். பொருந்தாத அர்ரே வந்தால் உடனே டைப்எரர் வரும். லைனில் மௌனமாகத் தாமதிப்பதைவிட, டெஸ்ட் செய்யும்போதே அது வெடிப்பது எவ்வளவோ மேல். மெமரியில் தொடர்ச்சியானது என்று சொல்லும் அந்த ::1-ஐ விட்டுவிட்டால் தொடர்ச்சியில்லாத அர்ரேக்கும் சேர்த்து கோடு உருவாகும், வெக்டரைசேஷன் (பல எண்களை ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் கணக்கிடுவது) அடிபடும்.

நம்பாவின் பைசிசி மாட்யூல் வழியாக முன்கூட்டியே கம்பைல் செய்யும் வசதியும் உண்டு. ஆலைக் கணினியில் நம்பாவையே நிறுவ வேண்டாம், நம்பை இருந்தால் போதும் என்பது அதன் பெரிய லாபம். ஆனால் ஒரு பெயருக்கு ஒரு சிக்னேச்சர்தான். மேலும் டிஃபால்டாகப் பொதுவான சிபியுவுக்கே கோடு வரும்: எக்ஸ்86-64-இல் எஸ்எஸ்இ2 இன்ஸ்ட்ரக்ஷன்கள், அதாவது ஒரே நேரத்தில் 4 ஃப்ளோட்32 (32-பிட் தசம எண்). புதிய சிபியுக்களின் ஏவிஎக்ஸ்2 இருந்தால் 8. டார்கெட் சிபியுவை ஹோஸ்ட் (கம்பைல் செய்யும் கணினியின் சிபியு) என்று மாற்றினால் வேகம் கிடைக்கும், ஆனால் அந்த இன்ஸ்ட்ரக்ஷன்கள் இல்லாத பழைய கணினியில் புரோகிராம் விழுந்துவிடும். பைசிசி நீக்கப்படவிருக்கும் பட்டியலிலும் இருக்கிறது. புதிய வேலைக்கு அதைத் தொடாதீர்கள். நம்பா இல்லாமல் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், பைத்தான் போன்ற கோடை சி-யாக மாற்றிக் கம்பைல் செய்யும் Cython-க்குப் போய்விடலாம்.

நம் தேர்வு: கையால் எழுதிய சிக்னேச்சர், கூடவே கேஷ்=ட்ரூ (கம்பைல் ஆன கோடைச் சேமித்து வைக்கும் அமைப்பு). அந்தந்தக் கணினியின் சிபியுவுக்கேற்ற கோடு டிஸ்கில் தங்கிவிடும். வேறு சிபியு உள்ள கணினிக்குக் கேஷை நகலெடுத்தாலும் விழாது, மறுபடி கம்பைல் ஆகும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ஃபோல்டரை. ரீபூட்டில் டிஸ்க்கைப் பழைய நிலைக்குத் திருப்பும் ரைட் ஃபில்டர் வைத்த விண்டோஸ் கணினியில் கேஷும் சேர்ந்தே போய்விடும். கேஷ் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லும் நம்பா_கேஷ்_டிர் (NUMBA_CACHE_DIR) என்விரான்மென்ட் வேரியபிளை, ஃபில்டரிலிருந்து விலக்கிய ஃபோல்டருக்குத் திருப்புங்கள். கேஷ் வேலை செய்கிறதா என்பதை ஃபங்ஷனின் ஸ்டாட்ஸ் காட்டிவிடும்.

இன்னொரு பொறி: வேறு ஃபைலில் உள்ள துணை ஃபங்ஷனைத் திருத்தினால் கேஷுக்கு அது தெரியாது, பழைய கோடே ஓடும். ஒவ்வொரு அப்டேட்டிலும் கேஷ் ஃபோல்டரை அழித்து, லைன் தொடங்குமுன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.