கருக்கலைப்புச் சட்டம்: நாடு முழுவதற்கும் ஒன்றா, மாநிலத்துக்கு ஒன்றா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ரோ வழக்கில் கருக்கலைப்பை அரசியலமைப்பு காக்கும் உரிமையாக ஏற்றதால், கரு தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழக்கூடிய நிலையை எட்டும்வரை எந்த மாநிலமும் அதை முற்றாகத் தடைசெய்ய முடியவில்லை. 2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் வெளியிட்ட டாப்ஸ் தீர்ப்பு அந்தப் பாதுகாப்பை அகற்றி, முடிவை மாநிலங்களிடம் விட்டது.

மாநிலவழி முறையில் மக்களே தீர்மானிக்கலாம் என்பது மெய்யான வலிமைதான்; பழமைவாதம் ஓங்கிய கான்சாஸிலேயே, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கும் திருத்தத்தை வாக்காளர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் நிராகரித்தனர். ஆனால் கருக்கலைப்பை ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்துள்ள டெக்சஸில் குடிமக்கள் தாமாக அத்தகைய வாக்கெடுப்பைக் கொண்டுவர வழியில்லை. அங்குள்ள ஏழைப் பெண், அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அண்டை மாநிலமான நியூ மெக்சிகோ செல்லப் பணமும் விடுப்பும் தேடி அலைய வேண்டும். உரிமை முகவரிக்கேற்ப மாறக் கூடாது என்பதால் நாடு தழுவிய பாதுகாப்பையே நான் ஆதரிக்கிறேன். எனினும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரம் நாடு தழுவிய தடைக்கும் பயன்படலாம் என்பதால், சாதாரணச் சட்டம் மட்டும் அதற்குப் போதாது.